அறிவு யாருக்காக?

1544-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள். கொச்சியில் அமர்ந்து, உரோமையிலுள்ள தம் சபைத் தோழர்களுக்குப் புனித பிரான்சிஸ் சவேரியார் ஒரு நீண்ட மடல் வரைகிறார். முத்துக்குளித்துறையின் பரதவ ஊர்களில் ஓராண்டுக்கு மேலாக நடந்து திரிந்தவர் அவர். செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்ததையும், திருமுழுக்கு அளித்து அளித்துக் கை சோர்ந்துபோவதையும் சொல்லிக்கொண்டே வருகிறார். இடையில் அவர் நினைவு ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களை நோக்கிச் செல்கிறது. அங்கே, சிறப்பாகப் பாரீசுக்குச் சென்று, பித்தனைப்போல் உரக்கக் கூவவேண்டுமெனப் பலமுறை தமக்குத் தோன்றியதாக எழுதுகிறார். பட்டமும் பதவியும் கருதிக் கற்று, பெற்ற கல்வியால் பிறர்க்கு என்ன பயன் என எண்ணாதவர்களை நோக்கி எழுந்த குரல் அது.

இதை எழுதியவர் கல்வியை வெறுத்தவர் அல்லர். 1525-இல் பாரீசுக்குச் சென்று, புனித பார்பரா கல்லூரியில் தங்கிப் பயின்று, 1530-இல் முதுகலைப் பட்டம் பெற்று, போவே கல்லூரியில் அரிஸ்டாட்டிலின் மெய்யியலைக் கற்பித்தவர். பல்கலைக்கழகத்தை உள்ளிருந்து அறிந்தவரே இக்கேள்வியை எழுப்பினார் என்பதால், அதை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அன்றைய பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் அது பொருந்துமா? சட்டம், இயற்கை, சமூகம் என்னும் மூன்று துறைகளில் அவை ஆற்றிய ஆய்வுகளைத் திரும்பிப் பார்ப்போம்.

நெருப்பும் நீரும் தீர்ப்பளித்த காலம்

ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகமாகிய பொலோஞா 1088-இல் தோன்றியதாக மரபு கூறும். அங்கு முதலில் தழைத்தது சட்ட ஆய்வு. பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பை இர்னேரியுஸ் என்னும் ஆசிரியர் வரிவரியாக விளக்கினார். 1140-ஐ ஒட்டிக் கிராசியன் என்பவர், திருச்சபையின் சட்டப் பகுதிகளில் ஏறத்தாழ 4,000-ஐத் திரட்டி, ஒன்றுக்கொன்று முரண்பட்டவற்றை எதிரெதிரே நிறுத்தி, அவற்றிடையே இணக்கம் காண முயன்றார். முரண்பாட்டை மறைக்காமல் வெளிப்படையாக எடுத்துவைத்து ஆராயும் அம்முறையே பின்னர்ப் பல்கலைக்கழகக் கல்வியின் உயிர்நாடியாயிற்று.

ஏட்டுச் சட்டத்தை ஆராய்ந்ததால் எளியவனுக்கு என்ன கிடைத்தது? அக்காலத்தில் குற்றவாளி யார் எனத் தெரியாதபோது, பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தச் செய்வார்கள். அல்லது கட்டி நீரில் இறக்குவார்கள். மூழ்கினால் குற்றமற்றவன், மிதந்தால் குற்றவாளி. குருவானவர் நீரையும் இரும்பையும் மந்திரிப்பார். கடவுளே தீர்ப்பு வழங்குவதாக மக்கள் நம்பினர்.

பாரீசில் இறையியல் கற்பித்து 1197-இல் இறந்த, பாடகர் பேதுரு என அழைக்கப்பட்ட ஆசிரியர், இவ்வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவர் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி ஒன்று நெஞ்சை உலுக்குவது. ஆங்கிலேயர் இருவர் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்றனர். திரும்பும் வழியில் ஒருவர் வேறொரு திருத்தலத்துக்குப் போய்விட, மற்றவர் மட்டும் ஊர் திரும்பினார். தோழரைக் கொன்றுவிட்டார் என உறவினர் குற்றஞ்சாட்டினர். அவர் நீர்ச் சோதனையில் தோற்றார், தூக்கிலிடப்பட்டார். சில நாள்களில் "கொலையுண்ட" தோழர் உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார். கடவுளைச் சோதிப்பது தீர்ப்பாகாது என்பது பேதுருவின் வாதம். 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் இச்சோதனைகளில் பங்கேற்பதைத் தடைசெய்தது. மந்திரிக்கக் குருக்கள் இல்லாத நிலையில் அவ்வழக்கம் நாளடைவில் மறைந்தது. சாட்சியும் சான்றும் அதன் இடத்தைப் பெறத் தொடங்கின.

வெற்றியை மட்டும் சொல்லிச் செல்வது நேர்மையாகாது. சான்று வேண்டும் என்ற அதே சட்டமுறை, ஒப்புதல் வாக்குமூலத்தைப் பெறுவதற்காகச் சித்திரவதைக்கும் வாயில் திறந்தது. 1252-இல் திருத்தந்தை நான்காம் இன்னசென்ட் அதற்கு அனுமதி அளித்தார் என்பதும் வரலாறே. ஒரு கொடுமையைக் களைந்த அறிவு, தான் உண்டாக்கிய மற்றொன்றை உடனே காணவில்லை.

குடுவைக்குள் வானவில்

அடுத்தது இயற்கை ஆய்வு. 1210-இலும் 1215-இலும் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாரீசில் கற்பிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் 1255-இல் அதே பல்கலைக்கழகத்தின் கலைப்பிரிவு அந்நூல்களைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்தது. இடையில் 1231-இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, ஆசிரியர்கள் தங்களுக்குரிய விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்ளவும், தங்கள் உரிமைகள் மீறப்பட்டால் வகுப்புகளை நிறுத்திவைக்கவும் உரிமை அளித்திருந்தார். செடிகொடிகளையும் விலங்குகளையும் தம் கண்ணால் கண்டு எழுதிய புனித பெரிய ஆல்பர்ட்டும், அவர் மாணவரான புனித தாமஸ் அக்குவினாசும் இச்சூழலில் பணியாற்றியவர்கள்.

இம்மரபில் வந்த ஒருவரை மட்டும் சற்று நெருங்கிக் காண்போம். பிரைபர்க் நகரத் தெயோதோரிக், பாரீசில் பயின்ற சாமிநாதர் சபைத் துறவி. தம் சபைத் தலைவரின் வேண்டுகோளுக்கிணங்க, 1304-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வானவில்லைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வானத்து மழைத்துளியைக் கையில் பிடித்து ஆராய இயலாது. எனவே ஓர் உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் நீர் நிரப்பி, அதையே பெரியதொரு மழைத்துளியாகக் கொண்டார். ஒளி உள்ளே நுழையும்போது வளைகிறது. பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது. வெளியேறும்போது மீண்டும் வளைகிறது. உள்ளே இருமுறை பட்டுத் திரும்பினால் மங்கலான இரண்டாம் வில் தோன்றுகிறது. இத்தனையையும் அவர் சரியாகக் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிசி என்னும் இசுலாமிய அறிஞரும், இவரை அறியாமலே, இதே முறையில் இதே முடிவுக்கு வந்தார். இருவருக்கும் முன்னோடி, ஒளியியல் கண்ட அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம்.

வானவில்லின் காரணம் தெரிந்ததால் எந்த ஏழையின் பசியும் அன்று தீரவில்லை. சவேரியாரின் கூக்குரல் தெயோதோரிக்கையும் சாடுமா? சாடாது என்றே எண்ணுகிறேன். பதவிக்கு ஏணியாகக் கற்பது வேறு. படைப்பின் முன் வியந்து நின்று கற்பது வேறு. பின்னதன் பயன் உடனே கைக்கு வாராவிட்டாலும், சமயமும் மொழியும் கடந்து மாந்தர் அனைவர்க்கும் பொதுச் சொத்தாகிறது. அந்த உரிமையை மறந்து, 1633-இல் கலிலேயோவுக்குத் தண்டனை விதித்ததால் நேர்ந்த காயம் நீண்டகாலம் ஆறவில்லை. அத்தீர்ப்பில் இறையியலார் செய்த பிழையைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992-இல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

சலமான்காவின் வகுப்பறை

சமூக ஆய்வுக்குச் சான்று தேட ஸ்பெயின் நாட்டுச் சலமான்காவுக்குச் செல்லவேண்டும். 1218-இல் தொடங்கப்பெற்ற அப்பல்கலைக்கழகத்தில் 1526 முதல் 1546-இல் தாம் இறக்கும்வரை இறையியல் தலைமை ஆசிரியராய் விளங்கியவர் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா. அவரும் பாரீசில் பயின்றவரே.

அவருக்கு முன்பே, 1511 டிசம்பரில், கரிபியன் கடலின் ஹிஸ்பானியோலா தீவில், அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்னும் சாமிநாதர் சபைத் துறவி மறையுரை மேடையில் நின்று, பூர்வகுடி மக்களை அடிமைகளாய் வதைத்த ஸ்பானியரை நேருக்கு நேர் கண்டித்தார். அவர் சலமான்காவின் புனித ஸ்தேவான் மடத்திலிருந்து சென்றவர். வித்தோரியாவும் அதே மடத்தில் வாழ்ந்தார். கடல் கடந்து சென்றவர்களின் செய்திகள் அம்மடத்தை வந்தடைந்தன. பெரூ நாட்டில் நடந்தவற்றைக் கேட்டுத் தம் குருதி உறைவதாக 1534-இல் ஒரு மடலில் எழுதினார் வித்தோரியா.

1539 சனவரியில் அவர் அக்கேள்வியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். ஸ்பானியர் வருமுன் அந்நிலத்துக்கு உரியவர் யார்? அம்மக்களே என்றார். பேரரசர் உலகுக்கெல்லாம் அதிபதி அல்லர். திருத்தந்தையும் உலகியல் ஆட்சியில் அத்தகையவர் அல்லர். விசுவாசமின்மை ஒருவனது உடைமையுரிமையை அழிக்காது. நற்செய்தியை ஏற்க மறுப்பது போர் தொடுக்கக் காரணமாகாது. இவற்றைச் சொன்னவர் பேரரசரின் குடிமகன். சொன்ன இடம் அரசின் பல்கலைக்கழகம். அவ்வாண்டு நவம்பரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மடத்தின் தலைவருக்கு மடல் எழுதி, இப்பொருள்பற்றிய விவாதங்களை நிறுத்துமாறு ஆணையிட்டார். ஒரு விரிவுரை பேரரசரை உறங்கவிடவில்லை!

வித்தோரியாவுக்கும் குறை உண்டு. போருக்கு நியாயமான காரணங்களென அவர் பட்டியலிட்ட சில, பின்னர் ஆதிக்கம் செலுத்தியோருக்கு வாய்ப்பாயின. ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைப்பற்றி அதே கூர்மையுடன் அவர் கேள்வி எழுப்பவில்லை. ஆயினும் அவர் இட்ட விதை வீண்போகவில்லை. கண்டுபிடித்த நிலம் கண்டுபிடித்தவனுக்கே என்னும் கோட்பாடு கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையைச் சேர்ந்ததன்று என 2023 மார்ச்சுத் திங்களில் வத்திக்கான் அறிவித்தபோது, 484 ஆண்டுகளுக்கு முந்தைய அவ்வகுப்பறை நம் நினைவுக்கு வருகிறது.

சலமான்காவிலும் கொயிம்பிராவிலும் திருச்சபைச் சட்டம் கற்பித்த மார்த்தின் தெ அஸ்பில்குயேத்தா, சவேரியாரின் தாய்வழி உறவினர். அமெரிக்காவின் பொன்னும் வெள்ளியும் வந்து குவிந்தபின் ஸ்பெயினில் விலைகள் ஏன் உயர்ந்தன என ஆராய்ந்தார். பணம் பெருகும் இடத்தில் அதன் மதிப்புக் குறைகிறது என 1556-இல் எழுதினார். வட்டி பாவமா, வாணிபத்தில் நியாயம் எது என்னும் பாவசங்கீர்த்தனக் கேள்விகளிலிருந்தே இப்பொருளியல் உண்மை பிறந்தது.

மீண்டும் நம் கடற்கரையில்

சட்டம், ஒளி, நிலவுரிமை, விலைவாசி எனத் துறைகள் பலவாயினும், இவ்வறிஞர்களிடம் ஒன்று பொதுவாக இருந்தது. தூக்கிலிடப்பட்ட திருப்பயணியும், பெரூ நாட்டுப் பூர்வகுடியும், கடன்பட்டு வந்த ஒப்புரவாளனும் அவர்களது வகுப்பறைக்குள் நுழைய முடிந்தது. படைப்பின் அழகும் நுழைய முடிந்தது. கதவைச் சாத்திக்கொண்ட அறிவையே சவேரியார் கடிந்தார்.

அவரது மடல் 1545-இல் பாரீசிலேயே அச்சாகி வெளிவந்தது. கூவ நினைத்த இடத்துக்கு அவர் போகவில்லை. குரல் போய்ச் சேர்ந்தது. கொயிம்பிராவில் திருச்சபைச் சட்டம் பயின்ற என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். சட்டம் பயின்றவர் தமிழுக்கு மாணவரானார். பரதவ மக்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தமிழுக்கு இலக்கணம் வகுத்தார். 1578-இல் கொல்லத்தில் அவரது "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்துகளில் அச்சேறியது. 1600-இல் இறக்கும்வரை இக்கரையிலேயே உழைத்தார்.

நம் குடும்பங்களில் இன்று கல்லூரி சென்று ஆய்வுப் பட்டம் வரை உயர்வோர் பலர். அவர்கள் எந்தத் துறையைத் தேர்ந்தாலும் நாம் மகிழ்வோம். பட்டம் பெற்று வீடு திரும்பும் நாளில், வேலை எங்கே, ஊதியம் எவ்வளவு என்று கேட்பது பெற்றோர்க்கு இயல்பே. அதனோடு, உன் ஆய்வு அறைக்குள் யார் யாருடைய குரல் வந்து சேர்கிறது என்றும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். நம் கடற்கரை மணலில் நடந்தவர் பாரீசைக் கேட்க நினைத்ததும் அதுதான்.