குணமானவர் யாராவது உண்டா?

நாளிதழ் ஒன்றின் விளம்பரப் பிரிவில் 31 வருடம் குப்பை கொட்டியவன் நான். மணமகள் தேவை, வீடு வாடகைக்கு, காணவில்லை என்று வரி விளம்பரங்களோடே காலம் போயிற்று. வார்த்தைக் கணக்கில் கட்டணம் என்பதால் கவுன்ட்டரில் நின்று ஒவ்வொரு சொல்லாக அடிப்பார்கள். அப்படிச் சுருங்கிய ஒரு விளம்பரத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். ஊர் நம்மூர் அல்ல, நியூயார்க்.

1945 மே 1ம் தேதி நியூயார்க் டைம்ஸில் வந்தது அது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலிருந்து குணமானவர் யாராவது இருந்தால் நோயாளிக்குத் தெரிவிக்கவும். சாரம் இவ்வளவே. கொடுத்தவர் சில்வியா லாரி என்ற பெண்மணி. நோயாளி அவருடைய சகோதரர் பெர்னார்ட்.

மின்கம்பிக்கு மேல் உறை இருக்கிறதல்லவா? அதுபோல மூளை, தண்டுவட நரம்புகளுக்கும் மயலின் என்ற உறை உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதை அரித்துவிடுவதுதான் இந்த நோய். ஒரு சமயம் கண் மங்கும், இன்னொரு சமயம் கால் தள்ளாடும். சில மாதம் தேவலை போலிருந்து மறுபடி வரும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், வாழ வேண்டிய வயதில் பிடிக்கிறது.

பெட்டி எண்ணுக்கு வரும் பதில்களைப் பிரிக்காமல் கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. கட்டு தடிமனாக இருந்தால் வாங்குபவர் முகம் மலரும். சில்வியாவுக்கும் ஐம்பதுக்கு மேல் பதில் வந்தது. ஆனால் வழி சொல்லி வந்தவை அல்ல. எங்கள் வீட்டிலும் இதே நோய், நல்ல சேதி ஏதாவது கிடைத்ததா என்று அவரையே கேட்டு வந்தவை! நான் பார்த்தவரை ஜனங்கள் இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள்.

அவர் விடவில்லை. வைத்தியம் இல்லையென்றால் ஆராய்ச்சிதான் வழி, அதற்குப் பணம் வேண்டும். 1946 மார்ச்சில் 20 விஞ்ஞானிகளைக் கூட்டிச் சங்கம் தொடங்கினார். நன்கொடை கேட்பது லேசா என்ன? போலியோவுக்கு அந்த நோயால் கால் முடங்கிய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே இயக்கம் தொடங்கியிருந்தார். வெள்ளை மாளிகைக்குப் பத்து சென்ட் நாணயங்கள் தபாலில் வந்து குவிந்தன. இந்த நோயின் பெயரோ வாயிலேயே நுழையாது. அபூர்வ வியாதி என்று டாக்டர்களே நினைத்த காலம் அது.

சேர்ந்த பணத்தில் முதல் உதவி கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எல்வின் கபாட்டுக்குப் போனது. நோயாளிகளின் தண்டுவட நீரில் காமா குளோபுலின் என்ற புரதம் கூடியிருப்பதை அவர் காட்டினார். நோயைக் கண்டறியும் பரிசோதனைக்கு அது அடிப்படையாயிற்று.

நன்கொடை மட்டும் போதாது என்று சில்வியா வாஷிங்டனுக்கும் நடந்தார். செனட்டர் சார்லஸ் டோபியின் மகளுக்கும் இதே நோய். அவர் ஆதரவும் சேர்ந்து, நரம்பு நோய்களுக்கும் பார்வையிழப்புக்குமான அரசு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1950ல் சட்டம் வந்தது.

பெர்னார்ட் 1973ல் இறந்தார். நோயின் போக்கை மட்டுப்படுத்தும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993ல். மட்டுப்படுத்தத்தான்; முழுசாகக் குணமாக்க இன்றும் மருந்தில்லை. 2001ல் சில்வியா காலமானபோது, அந்த விளம்பரத்தில் அவர் கேட்ட பதில் வந்திருக்கவில்லை.