நிஞ்சா விளையாட்டும் ஒற்றர் வரலாறும்



ஜப்பானின் அக்வயர் நிறுவனம் உருவாக்கிய 'தென்ச்சு 2' என்னும் நிஞ்சா விளையாட்டு, 2000ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷனுக்காக வெளிவந்தது. 1998இல் வந்த முதல் விளையாட்டின் தொடர்ச்சிதான். ஆயினும் கதை அதற்கு முந்திய காலத்தில் நிகழ்கிறது. கிள்ளானில் என் மாணவர் சிலர், அண்ணன்மார் வைத்திருக்கும் பழைய கருவியில் இதை ஆடுகின்றனர். அதையே வரலாறு என்றும் நம்புகின்றனர். ஆகவே நானும் சில மாலைகள் ஆடிப் பார்த்தேன்.

கதையில் வரும் கோடா பிரபுவும் அசுமா குலமும் கற்பனை. நிஞ்சாக்கள் கற்பனையல்லர். இகா, கோகா என்னும் மலைப்பகுதிகள் அவர்களுக்குப் பெயர்பெற்றவை. 1579இல் ஓடா நொபுனாகாவின் மகன் இகாமீது படையெடுத்துத் தோற்றான். 1581இல் நொபுனாகாவின் பெரும்படை அப்பகுதியை அழித்தது. அவர்களுடைய கலை 1676இல் 'பன்சென்ஷூகாய்' என்னும் நூலாகத் தொகுக்கப்பெற்றது. மாறுவேடத்தில் ஊருக்குள் நுழைந்து உளவறியும் முறைகளுக்கு அதில் பெரிய இடமுண்டு. கரிய உடையோ பெரும்பாலும் பிற்கால ஓவியமும் நாடகமும் தந்த தோற்றம். நம் திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடலும் துறவி வேடம் பூண்ட ஒற்றனைக் குறிப்பிடுகிறது. கடல் கடந்த இரு நாடுகளில் ஒரே எண்ணம்!

விளையாட்டின் சிறப்பு, அது கற்றுத்தரும் பொறுமை. கூரைமேல் பதுங்கிக் காவலரின் நடையைக் கவனித்துக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் நீருக்கடியில் நீந்தலாம். ஆடுபவரே இடம் அமைத்துக் காவலரை நிறுத்தும் வசதியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

குறைகள் இல்லாமலில்லை. முதல் பாகத்தின் இருள், தொலைவிலுள்ளவற்றைக் காட்டவியலாத குறையை மறைத்தது. இதில் பகற்காட்சிகளும் வருவதால் அக்குறை வெளிப்படுகிறது. காட்சிக்கோணமும் அடிக்கடி சுவரில் சிக்கித் தொல்லை தருகிறது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஓசையின்றிக் கொன்றால் மதிப்பெண் என்பதைத்தான் பொறுக்க இயலவில்லை. செய்தியோடு உயிருடன் திரும்புவதே ஒற்றனின் வேலை. இங்கே அவன் கொலையாளி ஆகிவிட்டான். அமெரிக்கத் தரமதிப்பீடு இதை 17 அகவை நிறைந்தோர்க்கே உரியதென்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் இது இருக்கக்கூடாது என்பதே என் கருத்து.

ஆனால், பிடுங்கி வைத்துவிட்டால் ஆர்வமும் போய்விடும். எனவே வகுப்பில் கட்டத்தாளில் கோட்டை வரைந்து, காவலர் நடக்கும் வழிகளைக் குறிக்கச் செய்தேன். கிடங்கில் எத்தனை நெல்மூட்டைகள் என்று அறிந்துகொண்டு வெளியேற வேண்டும்; எவரையும் கொல்லக்கூடாது. பையன்கள் மதிலேறும் இடத்தைத் தேடிக்கொண்டிருக்க, ஒரு சிறுமி பால்காரர் வேடத்தில் முன்வாசல் வழியாகவே நுழைந்துவிட்டாள்.