கலிவிக் கோழியைத் தேடிப் போனது

வேடந்தாங்கலைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு, பறவை பார்க்கக் கடப்பைக்குப் போகிற ஆள் உண்டா என்று வீட்டில் கேட்டார்கள். உண்டு. 2010 பொங்கல் முடிந்த கையோடு, என்னைப் போலவே ஓய்வுபெற்ற மூன்று பேரும் ஒரு வாடகைக் காருமாகக் காஞ்சியிலிருந்து கிளம்பினோம். அரக்கோணம், திருத்தணி, ரேணிகுண்டா, ராஜம்பேட்டை வழி. ஒண்டிமிட்டா கோதண்டராமரைச் சேவித்துவிட்டு மாலைக்குள் லங்கமலை அடிவாரம்.

இந்த ஆசைக்கு விதை ஒரு தபால்தலை. 1988-ல் நான் அஞ்சலகக் கவுண்டரில் இருந்தபோது ஜெர்டன் கோர்சர் என்ற பறவைக்குத் தலை வெளியிட்டார்கள். முகம் தெரியாத பறவைக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று விசாரித்ததில்தான் கதை தெரிந்தது.

ஜெர்டன் மதராஸ் ராணுவத்தில் மருத்துவர். நெல்லூரில் வேலை பார்த்தவர். பறவைப் பைத்தியம். சென்னையில் அச்சான அவருடைய பறவை நூலுக்கு நம் ஊர் ஓவியர்கள்தான் படம் எழுதினார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையில் அவருக்குக் கிடைத்த இந்தப் பறவையை 1848-ல் கல்கத்தாவிலிருந்த பிளைத் அறிவியலில் பதிவு செய்தார். 1900-ல் அனந்தப்பூர் பக்கம் காம்ப்பெல் என்பவர் கண்டதோடு சரி. பிறகு 86 ஆண்டு யாரும் பார்க்கவில்லை. அழிந்தே போயிற்று என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஊர்க்காரர்களுக்கு அது தொலைந்துபோகவே இல்லை என்பதுதான் வேடிக்கை! 'கலிவி கோடி' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். கலிவி என்றால் நம் களாச்செடி, கோடி என்றால் கோழி. பகலெல்லாம் புதரடியில் கிடந்து இரவில் பூச்சி தேடும் பறவையைப் பகலில் தேடினால் கிடைக்குமா? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் படத்தைக் காட்டி வேட்டைக்காரர்களிடம் விசாரித்தார். 1986 ஜனவரியில் ரெட்டிபள்ளி அருகே ஒருவர் இரவில் விளக்கொளியில் ஒன்றைப் பிடித்தே விட்டார். 89 வயது சாலிம் அலி கடப்பைக்கு விரைந்தார். பிடிபட்ட பறவை அதிக நாள் பிழைக்கவில்லை. ஆனால் இனம் பிழைத்திருப்பது உலகுக்குத் தெரிந்தது. 1988-ல் லங்கமலை சரணாலயமானது.

பின்னாளில் நம் ப. ஜெகநாதன் போன்றவர்கள் வேறு வழி பிடித்தார்கள். புதர்களுக்கு நடுவே பொடிமண்ணைப் பட்டையாகப் பரப்பிவைத்துக் காலையில் போய்க் கால்தடம் பார்ப்பது. நம் வீட்டில் எலி வந்ததா என்று மாவு தூவிப் பார்ப்பதுபோலத்தான்.

2005-ல் அந்தப் புதர்க்காட்டிலேயே தெலுங்கு கங்கைத் திட்டத்துக் கால்வாயைத் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். ஆய்வாளர்கள் முறையிட்டு, வேலை நின்று, பாதை மாற்றப்பட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. தெலுங்கு கங்கை என்பது 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீரைப் பூண்டிக்குக் கொண்டுவந்து, சென்னைக்குக் குடிக்கக் கொடுக்கும் திட்டமும் அல்லவா? 2003 வறட்சியில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற என் மகளிடம் போய்ப் பறவைக்காகக் கால்வாயை வளைக்கச் சொல்ல எனக்கு நா எழுந்திருக்காது. அங்கே தோண்டியது அவர்கள் வயலுக்கான கிளைதான், வளைக்கவும் இடமிருந்தது. இருந்தாலும்...

அன்றிரவு சரணாலயத்துக்குள் போக அனுமதி இல்லை. கிராமத்து எல்லையில் காரை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். நல்ல பனி. பக்கிக் குருவி கத்தியது, ஆள்காட்டி எங்களைக் காட்டிக் கொடுத்தது. பத்தரை வரைக்கும் வேறொன்றுமில்லை. காது சற்று மந்தமான நண்பர் மட்டும் ஏதோ இரட்டைக் குரல் கேட்டதாகச் சொன்னார். நாங்கள் நம்பவில்லை.

காலையில் டீக்கடைப் பெரியவரிடம் தபால்தலையைக் காட்டினேன். கண்ணுக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "கலிவி கோடி" என்று திருப்பிக் கொடுத்தார். டீக்குக் காசு வாங்கவில்லை.