மேற்கோள் நூற்குறிப்பும் எக்ஸ்எம்எல் குறியிடலும்

ஆய்வுக் கட்டுரையின் இறுதியில் அமையும் நூற்குறிப்பினைப் பயில்வோர், ஆசிரியர் பெயர் இது, நூற்பெயர் இது, யாண்டு இது என எளிதின் உணர்வர். கணிப்பொறி அங்ஙனம் உணராது. ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயரிட்டுக் காட்டல் வேண்டும். அப்பெயரீட்டின் வரலாற்றையும் அதன்கண் தமிழ்ப் பெயர்கள் எய்தும் நிலையையும் ஈண்டு ஆராய்வாம்.

1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த கோல்டுஃபார்பு, மோசர், லோரி ஆகிய மூவரும் ஜிஎம்எல் என்னும் குறியீட்டு மொழியை வகுத்தனர். ஓருறுப்பு எவ்வாறு அச்சிடப்படல் வேண்டும் என்பதை விடுத்து, அஃது யாது என்பதைக் குறித்தலே அதன் அடிப்படை. அதன்வழித் தோன்றிய எஸ்ஜிஎம்எல் 1986இல் அனைத்துலகத் தரமாயிற்று. அதனைச் சுருக்கி எளிதாக்கிய எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரி 10ஆம் நாள் வெளிவந்தது. இதழ்க் கட்டுரைகளுக்கெனத் தனி வரையறை ஒன்றை அமெரிக்க நாட்டு மருத்துவ நூலகம் 2003இல் வெளியிட்டது. அதுவே 2012இல் ஜாட்ஸ் என்னும் பெயரால் அமெரிக்கத் தரமாக உயர்ந்தது.

இவ்வரையறையின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு நூற்குறிப்பினை இருவகைப்படுத்திற்று. உறுப்புக்களை மட்டும் நிறுத்தி, நிறுத்தக்குறிகளைப் பின்னர்க் கணிப்பொறியே இடுமாறு விடுவது ஒன்று. ஆசிரியர் எழுதிய தொடரை நிறுத்தக்குறிகளுடன் காத்து, அதனுள் உறுப்புக்களைச் சுட்டுவது மற்றொன்று. முன்னது ஒழுங்கிற்கும் பின்னது மூலத்தின் மெய்ம்மைக்கும் துணைசெய்வன.

இனி, ஆசிரியர் பெயரை நோக்குவாம். ஜாட்ஸ் அதனைக் குடும்பப் பெயர், இடுபெயர் எனப் பகுக்கின்றது. மு. வரதராசன் என்னும் பெயரில் குடும்பப் பெயர் யாது? 'மு.' என்பது தந்தையாராகிய முனுசாமியின் பெயர் முதலெழுத்து. வரதராசன் என்பதே இடுபெயர். ஜாட்ஸ் பெயர் மரபுகள் சிலவற்றை ஏற்றுள்ளது. தந்தை பெயர் வழங்கும் ஐசுலாந்து மரபைக் கொள்ளின் அகரவரிசை பொருந்தும்; ஆயின் தலைப்பெழுத்து பெயரின் பின்னே சென்றுவிடும். கீழை மரபைக் கொள்ளின் தலைப்பெழுத்து முன்னிற்கும். ஆயின் அகரவரிசையில் அவர் 'மு.' என்பதன்கீழ்ச் செல்வார். மேலை மரபைக் கொண்டு, வரதராசன் என்பதைக் குடும்பப் பெயரிடத்து வைப்பின் இரண்டும் பொருந்தும்; எனினும் அக்குறியீடு கூறுவது உண்மையன்று.

ஓரிதழ் ஒருவாறும் பிறிதோரிதழ் வேறொருவாறும் குறியிடின், ஒரே புலவர் அட்டவணையில் இருவராவர். அவர்தம் ஆய்வும் சிதறும். ஆதலின், தமிழ் மரபிற்கெனத் தனிக்குறி அமையுங்காறும், இடுபெயரையே குடும்பப் பெயரிடத்து நிறுத்தும் முறையைத் தமிழிதழ்கள் ஒருமித்து மேற்கொண்டு, அஃதோர் உடன்பாடே என்பதை வெளிப்படக் கூறுதல் நலம்.