யாருடைய நகரம்? கோவை நகராட்சி வரலாறு எழுப்பும் மூன்று வினாக்கள்

நாட்டின் வரலாற்றை நாம் பள்ளியில் கற்கிறோம். நாம் வாழும் ஊரின் வரலாற்றையோ எவரும் நமக்குக் கற்பிப்பதில்லை. நகராட்சி என்றவுடன் வரிச்சீட்டும், அடைபட்ட சாக்கடையும், தேர்தல் சுவரொட்டியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், மனிதர் ஒருவரோடொருவர் எவ்வாறு கூடி வாழ வேண்டும் என்னும் கேள்வி, நாடாளுமன்றத்தில் எழுவதற்கு முன்னரே தெருக்குழாயடியில் எழுந்துவிடுகிறது. இந்நோக்கோடு கோயம்புத்தூர் நகராட்சியின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெளியூரிலிருந்து கோவைக்கு வருவோரில் பலர் முதலில் இறங்குமிடம் காந்திபுரம். அதன் தெருக்கள் பெரும்பாலும் எண்களால் வழங்குகின்றன. பழைய பேட்டைகளின் நெருக்கத்தைவிட்டு நகரம் வடக்கே விரிந்ததன் அடையாளமாக அப்பகுதி விளங்குகிறது. தன் கழிவைத் தானே அகற்றுவது ஒவ்வொருவரின் கடமை என்று வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியவர் காந்தியடிகள். அவர் பெயரைத் தன் நடுவே தாங்கியுள்ள நகரம் அப்பெயருக்கு எவ்வளவு தகுதியுடையது என்று கேட்பது தவறாகாது. அதனை அளந்தறிய மூன்று வினாக்களை எழுப்புவோம். மன்றத்தில் அமர்ந்தோர் யார்? தண்ணீரைப் பெற்றோர் யார்? தெருவைத் துப்புரவு செய்தோர் யார்?

1. மன்றத்தில் அமர்ந்தோர்

சென்னை மாகாணத்தில் 1865-ஆம் ஆண்டில் நகர மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1866-இல் கோவை நகராட்சி உருவாயிற்று. 1857 கிளர்ச்சிக்குப் பின் கடன் சுமையால் தவித்த அரசு, சாலை, துப்புரவு, காவல் ஆகியவற்றின் செலவை ஊரார் மீதே வரியாகச் சுமத்த விரும்பியது இச்சட்டத்தின் ஒரு காரணமாகும். எனவே, தன்னாட்சி வேண்டும் என்னும் மக்களின் வேட்கையிலிருந்து நகராட்சி பிறந்ததாகக் கூற இயலாது. அதன் முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் (1841–1936). காப்பி வணிகத்தில் ஈடுபட்டிருந்த அவர், 1862-இல் ஒரு பள்ளியையும், 1888-இல் பிறரோடு சேர்ந்து நகரின் முதல் நூற்பாலையையும் தொடங்கியவர். அன்றைய மன்ற உறுப்பினர்கள் அரசால் நியமிக்கப்பட்டவர்கள். ஊரார் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை.

1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தலத் தன்னாட்சித் தீர்மானமும், அதைத் தொடர்ந்து வந்த 1884-ஆம் ஆண்டுச் சட்டமும் தேர்தலுக்கு வழி திறந்தன. ஆயினும் வரி செலுத்தும் வசதியுடையோரே வாக்காளராயினர். அக்குறுகிய வாயிலின் வழியேயும் சில பெருமக்கள் பொதுவாழ்வில் நுழைந்தனர். அவர்களுள் எஸ். பி. நரசிம்மலு நாயுடு (1854–1922) குறிப்பிடத்தக்கவர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த இவர், ‘கோயமுத்தூர் கலாநிதி’ என்னும் இதழை நடத்தினார்; 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டார்; ஸ்டேன்ஸோடு இணைந்து நூற்பாலையை நிறுவினார். 1892-இல் திறக்கப்பட்ட விக்டோரியா நகர மண்டபம் இவருடைய முயற்சியால் எழுந்தது. மகாராணியின் பெயரால் அமைந்த அம்மண்டபத்திலேயே இன்றும் மாமன்றக் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

நகராட்சி பெருந்தலைவர்களின் பயிற்சிக்களமாகவும் அமைந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார், 1917-இல் கோவை நகராட்சி உறுப்பினராகப் பொதுவாழ்வைத் தொடங்கியவர். அதே காலத்தில் அண்டை நகரமான ஈரோட்டில் ஈ. வெ. ராமசாமியும், சேலத்தில் சி. ராஜகோபாலாச்சாரியாரும் நகராட்சித் தலைவர்களாக இருந்தனர். பிற்காலத்தில் எதிரெதிர்த் திசைகளில் சென்ற இவ்விருவரும், தொடக்கத்தில் குழாய்நீரையும் தெருவிளக்கையும் பற்றிக் கவலைப்பட்டவர்கள். சேலம் நகராட்சிக்குத் தாழ்த்தப்பட்டோரில் ஒருவர் முதன்முதலாக உறுப்பினரானதும் ராஜாஜி தலைவராக இருந்த அக்காலத்திலேதான்.

சுதந்திரத்திற்குப் பின் வயதுவந்தோர் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். எனினும் வாயில் அகலத் திறந்த பின்னர் வீடே பூட்டப்பட்ட கதையும் உண்டு. 1981-இல் கோவை மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. ஆனால், தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் 1996-இல் தான் அமைந்தது. மீண்டும் 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை மாமன்றம் இல்லை. 1981 முதல் 2022 வரையுள்ள ஏறத்தாழ 40 ஆண்டுகளில், சரிபாதிக் காலம் நகரம் அலுவலர்களாலேயே ஆளப்பட்டது. ரிப்பன் காலத்தில் நம் முன்னோர் பெற்ற உரிமை இவ்வாறு நழுவியபோது, அதைக் குறித்துப் பேசியோர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

2. தண்ணீரைப் பெற்றோர்

நொய்யலாற்றின் வாய்க்கால்களால் நிரம்பும் குளங்களும், கிணறுகளுமே கோவையின் பழைய நீர்நிலைகள். ஆனால் மழை பொய்த்தால் அவை வறண்டன. ஊர் பெருகப் பெருக அவற்றின் நீரும் கெட்டது. இதன் விளைவைப் பிளேக் நோய்க் காலத்தின் துயரோடு சேர்த்தே காண வேண்டும். 1901-இல் 53,080 ஆக இருந்த நகரின் மக்கள் தொகை, 1911-இல் 47,007 ஆகக் குறைந்தது. மாண்டோர் பலர்; ஊரைவிட்டு அகன்றோர் பலர். இன்றும் நகரில் வழிபடப்பெறும் பிளேக் மாரியம்மன் அக்காலத்தின் நினைவுச்சின்னம். அஞ்சி நடுங்கிய மக்களின் மன்றாட்டை நாம் எள்ளி நகையாடலாகாது. பிளேக் எலிகளின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியால் பரவும் நோய், நீரால் பரவுவதன்று. எனினும் நெருக்கமான குடியிருப்பும் அழுக்கும் நீர்ப்பஞ்சமும் தனித்தனித் துன்பங்கள் அல்ல என்பதை அக்கொள்ளைநோய் நகருக்கு உணர்த்தியது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள சிறுவாணி நீரை நகருக்குக் கொணரலாம் என்று நரசிம்மலு நாயுடு 1889-ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தினார். காடும் மேடும் கடந்து அவரே நேரில் சென்று பார்த்தார். பெருஞ்செலவாகும் என்று அரசு தயங்கியது. அக்கனவு நிறைவேற 40 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1922 முதல் 1936 வரை நகராட்சித் தலைவராக இருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் விடாமுயற்சியால், 1929-இல் சிறுவாணி நீர் கோவையை வந்தடைந்தது. அவர் பெயரால் அமைந்ததே இன்றைய ஆர். எஸ். புரம். 1932-இல் பைக்காரா மின்சாரமும் வந்தபின் ஆலைகள் பெருகின. 1921-இல் 65,788 ஆக இருந்த மக்கள் தொகை 1941-இல் 1,30,000-ஐத் தாண்டியது. சிறுவாணி நீர் வந்திராவிடில் இவ்வளர்ச்சியைக் கோவை தாங்கியிருக்க இயலாது.

குழாய்நீர் சமுதாய வாழ்விலும் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. கிணற்றில் யார் நீர் இறைக்கலாம் என்பதைச் சாதியே முடிவு செய்துவந்த காலம் அது. மலையிலிருந்து குழாயில் வரும் நீரோ, யார் தொட்டது என்று எவரும் கூற இயலாதது. ஆயினும் வேற்றுமை முற்றும் அழிந்துவிடவில்லை, இடம் மாறிற்று. வசதியுடையோர் வீட்டுக்குள் குழாய் பெற்றனர். வறியோர் தெருக்குழாயடியில் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தனர். காத்திருந்தோர் பெண்கள் என்பதையும் மறத்தலாகாது.

இந்நீரின் பிறப்பிடத்தையும் நாம் நினைக்க வேண்டும். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது சிறுவாணியின் நீர்ப்பிடிப்பு நிலம் கேரளத்தின் பகுதியாயிற்று. 1973-இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கோவை நீர் பெறுகிறது. அட்டப்பாடி மலைப்பகுதியின் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வறுமையிலும் சத்துக்குறைவிலும் உழல, அவர்களுடைய மலைநீரின் சுவையைப் புகழ்ந்து நாம் பருகுகிறோம். தன் எல்லைக்கு அப்பாலுள்ள அயலானுக்கும் நகரம் கடன்பட்டிருக்கிறது.

3. இங்கிலாந்தில் ஓர் ஒப்புமை

கோவையில் 1830-இல் டபிள்யூ. பி. அடிஸ் அடிகளாரால் தொடங்கப்பட்ட லண்டன் மிஷன் பணி, பெரும்பாலும் இங்கிலாந்தின் காங்கிரிகேஷனல் சபையாரின் ஆதரவால் நடைபெற்றது. அச்சபையார் தம் சொந்த நாட்டு நகரங்களில் என்ன செய்தனர் என்று அறிதல் பயனுடையது.

கோவை நகராட்சி பிறந்த அதே 1866-இல், பர்மிங்ஹாம் நகரின் பொது நூலகத் திறப்பு விழாவில் ஜார்ஜ் டாசன் என்னும் போதகர் சொற்பொழிவாற்றினார். நகராட்சி என்பது வெறும் வரி தண்டும் அமைப்பன்று, ஒரு மக்களின் உயர்ந்த வாழ்வுக்கான கருவி என்பது அவருடைய போதனை. காங்கிரிகேஷனல் சபைப் போதகர் ஆர். டபிள்யூ. டேல் அதை இறையியல் அடிப்படையில் விரித்துரைத்தார். சேரிக்குத் தண்ணீர் கிடைப்பதும் கடவுளின் சித்தமே என்றும், மன்றப் பணியை ஒதுக்குவது பக்தியாகாது என்றும் அவர் கற்பித்தார். இப்போக்கு ‘நகர நற்செய்தி’ என வழங்கலாயிற்று. இவர்களால் ஊக்கம் பெற்ற ஜோசப் சேம்பர்லின், 1873 முதல் 1876 வரை மேயராக இருந்து, தனியார் வசமிருந்த எரிவாயு, குடிநீர் நிறுவனங்களை நகரின் பொதுவுடைமையாக்கினார். 1904-இல் வேல்ஸ் நாட்டு ஏலான் பள்ளத்தாக்கிலிருந்து 118 கிலோமீட்டர் தொலைவுக்கு நீர் கொணரப்பட்டது. அதற்காகப் பள்ளத்தாக்கில் குடியிருந்தோர் தம் வீடுகளை இழந்தனர். சேம்பர்லினின் சேரி ஒழிப்புத் திட்டத்தில் அகன்ற கடைவீதி எழுந்தது. ஆனால் இடம்பெயர்ந்த ஏழைகளுக்கு வேண்டிய வீடுகள் எழவில்லை.

ஆகவே, ‘நகர நற்செய்தி’ போற்றத்தக்கதாயினும் குறையற்றதன்று. அதனைக் கோவையோடு ஒப்பிடுகையில் ஒரு முரண் புலப்படுகிறது. பர்மிங்ஹாம் 1876-இல் குடிநீரைத் தனியாரிடமிருந்து பொதுவுக்கு மீட்டது. கோவையோ 2018-இல் குடிநீர் வழங்கலை மேம்படுத்தி நடத்தும் 26 ஆண்டுப் பணியைச் சூயஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. நாள்முழுதும் தடையின்றி நீர் தருவது திட்டத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. அத்திட்டம் நன்றா தீதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், ஒரு தலைமுறைக் காலத்துக்கு நீளும் ஒப்பந்தம் கையெழுத்தான அவ்வாண்டில், அதை மக்கள் சார்பில் விவாதிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் நகரில் இல்லை. நம் முதல் வினாவும் இரண்டாம் வினாவும் ஒன்றோடொன்று எவ்வளவு பிணைந்தவை என்பதை இது தெளிவாக்குகிறது.

4. துப்புரவு செய்தோர்

தலைவர்களின் பெயர்கள் தெருக்களிலும் மண்டபங்களிலும் பொறிக்கப்பட்டுள்ளன. நகரத்தை நாள்தோறும் வாழத்தக்கதாக்கியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. பாதாளச் சாக்கடை வருமுன் எடுப்புக் கழிப்பிடங்களின் மலத்தைத் தலைச்சுமையாகச் சுமந்தோர், பெரும்பாலும் அருந்ததியர் சமூகத்தார். கொங்கு நாட்டில் இப்பணி விருப்பத்தால் ஏற்கப்பட்டதன்று, பிறப்பால் விதிக்கப்பட்டது. மன்றத்தின் வாயில் படிப்படியாகத் திறந்தது. தண்ணீரும் படிப்படியாகப் பரவிற்று. இப்பணியின் வாயில் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒரே மக்களை உள்ளே அடைத்து வைத்தது.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும், 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. 2020-இல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளர் என்னும் பெயரைத் தூய்மைப் பணியாளர் என மாற்றிற்று. பெயர் மாற்றம் மதிப்பிற்குரியதே. எனினும் நிரந்தர வேலை குறைந்து ஒப்பந்த வேலை பெருகியபோது, பெயரில் வந்த மதிப்பு ஊதியத்தில் வரவில்லை. 2022 அக்டோபரில் கோவையின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தமைக்கு இதுவே காரணம். உக்கடத்தில் இப்பணியாளர்கள் நெடுங்காலம் வாழ்ந்துவந்த சி. எம். சி. காலனி, மேம்பாலப் பணியால் கலைக்கப்பட்டது. பர்மிங்ஹாமின் கடைவீதிக் கதையை இங்கு நாம் நினையாதிருக்க இயலாது.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கோவையைக் கட்டியோர் ஒரு சமயத்தார் அல்லர். ஆங்கிலேய வணிகரும், பிரம்ம சமாஜத்தாரும், சைவ முதலியாரும் ஒரே ஊரின் நலனுக்காக உழைத்தனர். பொதுநலம் என்பது ஒரே நம்பிக்கை உடையோர் மட்டும் கூடிச் செய்வதன்று என்பதற்கு இது சான்று. ஆனால் அவர்கள் கட்டிய நகரத்தின் உறுதியை அதன் நடுவீதியில் நின்று அளத்தல் போதாது. கடைசித் தெருவில், குழாயடியிலும் குப்பை வண்டியருகிலும் நின்று அளத்தல் வேண்டும்.

நம் சபைகள் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் செம்மையாக நடத்தியுள்ளன. அவை நம்முடையவை என்பதால் நடத்தினோம். நகராட்சியோ நம்முடையது என்று நாம் எண்ணவில்லை; அரசியல் அழுக்கு என்று விலகி நின்றோம். அந்நிய நகரத்தில் சிறைப்பட்டிருந்தோர்க்கு அந்நகரின் நலனைத் தேடும்படி எரேமியா மடல் எழுதினார் என்றால், சொந்த ஊரில் உரிமையோடு வாழும் நமக்கு அக்கடமை எத்துணை மிகுதி!

இதற்கு வழியும் இப்போது உண்டு. கோவை மாநகராட்சியில் 100 வார்டுகள் உள்ளன. வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைப்பதற்கான விதிகளைத் தமிழக அரசு 2022-இல் வெளியிட்டது. காந்திபுரத்திலோ உக்கடத்திலோ அத்தகைய கூட்டம் நடைபெறும்போது, சபையார் அங்குச் சென்று அமர வேண்டும். தம் தெருவின் குழியைப் பற்றி மட்டும் பேசித் திரும்பாமல், இக்கட்டுரையின் மூன்று வினாக்களையும் அங்கே எழுப்ப வேண்டும். குறிப்பாக மூன்றாம் வினாவை எழுப்ப வேண்டும். அதற்கு விடை கூற வேண்டிய தூய்மைப் பணியாளர்களும் அக்கூட்டத்தில் உறுப்பினராக அமர்ந்திருக்கிறார்களா என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.