ஜமைக்கா மகளிர் தேசியக் கால்பந்து அணி

கரீபியன் தீவு நாடான ஜமைக்காவின் சார்பில் பன்னாட்டுப் போட்டிகளில் ஆடும் மகளிர் அணி. ‘ரெகே கேர்ள்ஸ்’ என்பது செல்லப்பெயர்.

நிதியின்றிக் கலைக்கப்பட்டிருந்த அணி, பாடகர் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லி 2014-இல் ஆதரவுக்கரம் நீட்டியதால் மீண்டெழுந்தது. 2018 அக்டோபரில் பனாமாவைப் பெனால்டி ஷூட் அவுட்டில் வென்று, மகளிர் உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்ற முதல் கரீபியன் அணியானது. 2019-இல் பிரான்சில் நடந்த அத்தொடரில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹவானா சோலன் அடித்ததே உலகக் கோப்பையில் ஜமைக்கா மகளிரின் முதல் கோல்.

2023 தொடர் அணியின் பொற்காலம். பயிற்சியாளர் லார்ன் டொனால்ட்சனின் வழிகாட்டலில் பிரான்சுடன் 0–0 எனச் சமன் செய்தது. அலிசன் ஸ்வாபி தலையால் முட்டிய கோலால் பனாமாவை 1–0 என வீழ்த்தியது. பிரேசிலையும் 0–0 எனத் தடுத்து வெளியேற்றியது. குழுச் சுற்றில் ஒரு கோல்கூட விடாத அணி, நாக் அவுட் சுற்றில் கொலம்பியாவிடம் 0–1 எனத் தோற்றது.

அணிக்காக அதிக கோல் அடித்தவர், ஸ்பானிஷ் டவுனில் பிறந்த கடிஜா ஷா. பணத்தட்டுப்பாடு தீராத நிலையிலும் உலகின் முன்னணி அணிகளை எதிர்த்து நின்றதே இவ்வணியின் தனிப்பெருமை.