கட்டியக்காரனிடம் கையெழுத்துப் பிரதி கிடையாது

1907-இலும் அடுத்த ஆண்டிலும் வியன்னா நுண்கலைக் கழகம் ஓர் இளைஞனைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. கட்டடங்களைப் பார்த்து ஒழுங்காக வரைவான். மனித உருவம் என்றால் கை தடுமாறும். தெருக்களையும் தேவாலயங்களையும் சிறு நீர்வண்ணப் படங்களாக வரைந்து விற்றுக் காலம் தள்ளினான். பின்னாளில் ஜெர்மனி முழுவதும் யார் எதை வரையலாம் என்று தீர்மானித்தவன் அவன்தான். 1937 ஜூலையில் மியூனிக்கில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு கண்காட்சிகள் திறக்கப்பட்டன. ஒன்று ஹிட்லருக்குப் பிடித்த ஓவியங்கள். மற்றொன்று 'சீரழிந்த கலை' என்ற பெயரில், அருங்காட்சியகங்களிலிருந்து பறித்துவந்த சுமார் 650 படைப்புகள். சுவரெல்லாம் கேலி வாசகங்கள். கூட்டம் என்னவோ இரண்டாவதில்தான் அலைமோதியது. ஓவியர் எமில் நோல்டே நாஜிக் கட்சி உறுப்பினர். அவருடைய படைப்புகளும் ஆயிரத்துக்கு மேல் பறிபோயின. கட்சி அட்டை தூரிகையைக் காப்பாற்றவில்லை.

இந்தியாவில் நடந்த பிரிட்டிஷ் ஆட்சியை நாஜி ஆட்சியோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் கலைஞனைக் கட்டிப்போடும் கலையை அது ஹிட்லருக்கு அறுபது ஆண்டுகள் முன்பே சட்டமாக எழுதிவைத்திருந்தது. இங்கே ஓவியனைவிட நடிகனைக் கண்டுதான் சர்க்கார் அதிகம் பயந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவனும் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பது நாடகம் அல்லவா?

வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தபோது, வங்காள வழக்கறிஞர் ஒருவர் அவரைத் தம் வீட்டுப் பெண்கள் பகுதிக்கே அழைத்துப் போனார். அதைக் கிண்டல் செய்து 1876-இல் ஒரு நாடகம் மேடையேறியது. உடனே அவசரச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடக நிகழ்ச்சிகள் சட்டமாகவே ஆனது. அவதூறு, ராஜத்துரோகம், ஒழுக்கக்கேடு என்று எதைச் சொல்லியும் நாடகத்தைத் தடுக்கலாம். பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். போலீஸ் உள்ளே புகுந்து ஆட்களைப் பிடிப்பதோடு, திரைச்சீலையையும் உடுப்பையும்கூட அள்ளிக்கொண்டு போகலாம். கம்பெனி முதலாளிக்குச் சிறையைவிட இந்தக் கடைசி ஷரத்துதான் வயிற்றைக் கலக்கியிருக்கும். சீன் போனால் பிழைப்பே போச்சு.

தமிழ் மேடை இதற்கு மசியவில்லை. வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' தடைசெய்யப்பட்டது, டி.கே.எஸ். சகோதரர்கள் அதையே 'தேசபக்தி' என்று பெயர் மாற்றி ஆடினார்கள். எஸ்.எஸ். விசுவநாததாஸ் வள்ளி திருமணத்தில் முருகனாக வருவார். தினைப்புனத்தில் கொக்கு விரட்டும் பாட்டு அவர் வாயில் வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டாகிவிடும். எழுதிக் கொடுத்த பிரதியில் கொக்குதான் இருக்கும், கொட்டகையில் இருப்பவனுக்குத்தான் வெள்ளைக்காரன் தெரிவான். பலமுறை சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் மயில்மேல் அமர்ந்து பாடியபடியே உயிர்விட்டார்.

இவையெல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கொட்டகை நாடகங்கள். கீழ்பென்னாத்தூர், செஞ்சி, செய்யாறு வட்டாரத்துக் கூத்துக்கு இந்தச் சட்டம் என்ன செய்தது? பெரிதாக ஒன்றும் செய்ய முடிந்திருக்காது என்றே தோன்றுகிறது. கோடையில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார், இரவில் கூத்து. கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருப்பான்; மாலையில் தீமிதி. பாட்டும் கதையும் வாத்தியாரின் நினைவிலும் பழைய நோட்டுகளிலும் இருக்கும். ஆனால் கட்டியக்காரன் பேசுவது எந்த நோட்டிலும் இருக்காது. ராஜா கொலுவுக்கு வருவதை அறிவிக்க வந்தவன், அந்த ராஜாவையே நக்கலடிப்பான்; அப்படியே ஊர் நாட்டாமை, கடன்காரன், அதிகாரி என்று ஒரு சுற்று வருவான். நேற்று ஒரு ஊரில் சொன்னதை இன்று அடுத்த ஊரில் சொல்லமாட்டான். பிரதியைக் கொண்டு வா என்று கேட்கும் சட்டம் இவனிடம் எதைக் கேட்கும்? பிரதி இல்லாத கலையை முன்கூட்டியே தணிக்கை செய்வது எந்த அரசுக்கும் எளிதல்ல. அதற்காகக் கூத்தாடியைப் புரட்சிக்காரனாக்கிவிடவும் கூடாது. ஏழை ஊர்களின் கூத்தை மெட்ராஸ் சர்க்கார் ஒரு பொருட்டாகவே நினைக்காமலும் இருந்திருக்கலாம்.

சுதந்திரம் வந்தால் சட்டம் போகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 1954-இல் சென்னை மாநிலம் தனக்கென்றே ஒரு நாடகச் சட்டம் இயற்றியது. எம்.ஆர். ராதாவின் 'ராமாயணம்' நாடகத்தை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்பது நாடக உலகில் நிலைத்துவிட்ட பேச்சு. ராதா அஞ்சவில்லை, மனம் புண்படுகிறவர்கள் என் நாடகத்துக்கு வரவேண்டாம் என்ற பொருளில் விளம்பரமே செய்தார். வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆயுதத்தை அவனை எதிர்த்துச் சிறை சென்றவர்களே எடுத்துத் தீட்டியதுதான் இந்தக் கதையில் மிகவும் கசப்பான பகுதி.

நெருக்கடி நிலையில் ஓவியமும் களத்துக்கு வந்தது. எம்.எஃப். உசேன் இந்திரா காந்தியைத் துர்க்கையாக வரைந்தார். குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் கிடந்தபடி அவசரச் சட்டத்தில் கையெழுத்திடுவதாக அபு ஆப்ரகாம் போட்ட கேலிச்சித்திரம் எப்படியோ அச்சேறிவிட்டது. 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்நேகலதா ரெட்டி 1976-இல் கைதாகிப் பெங்களூர் சிறையில் அடைக்கப்பட்டார். ஆஸ்துமா நோயாளி. 1977 ஜனவரியில் விடுதலையான சில நாட்களிலேயே இறந்துபோனார். துர்க்கை ஓவியம் பேசப்படும் அளவுக்கு அவர் பெயர் பேசப்படுவதில்லை.

1954 சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனவர் 'பரீக்ஷா' நாடகக் குழுவின் ஞாநி. 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று அறிவித்து ரத்துசெய்தது. கல்கத்தா கிண்டலுக்காகப் பிறந்த 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது அதற்கும் பிறகுதான், 2018-இல். அதுவும் கலையின் உரிமைக்காக அல்ல. வழக்கொழிந்த பழைய சட்டங்களைக் கழிக்கும் நீண்ட பட்டியலில் ஒன்றாக.